பட்டவனுக்குப் பெயர் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் சொல் ஆராய்ச்சிப் பகுதியில் 'அப்போதியோசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மனிதனைத் தெய்வமாக உயர்த்துதல் என்று பொருள் தந்து, ரோமப் பேரரசர்களின் கதையோடு முடித்திருந்தீர்கள். அந்தச் சொல் குறிக்கிற வேலைதான் எனக்குப் பிழைப்பு. திருமுருகன்பூண்டியில் நான் கல்தச்சன். எங்கள் அப்பாரு காலத்திலிருந்தே உளிதான் சோறு போடுகிறது. கொங்கு நாட்டில் மனிதர்கள் எப்படிச் சாமி ஆனார்கள், இப்போது அந்தச் சாமிகளுக்கு என்ன நடக்கிறது என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லின் வேரைச் சரியாகவே பிரித்திருந்தீர்கள். 'தெயோஸ்' என்றால் கடவுள். முன்னால் நிற்கும் 'அப்போ' ஒரு நிலையை விட்டு நீங்கி இன்னொன்றாகி முடிவதைக் காட்டுகிறது. ரோமர்கள் இதே செயலைத் தங்கள் லத்தீனில் 'கான்செக்ராசியோ' என்றார்கள். என்றைக்கும் கடவுளாக இருப்பவரை 'தேயுஸ்' என்றும், மனிதராக வாழ்ந்து கடவுளானவரை 'திவுஸ்' என்றும் பிரித்துச் சொல்லும் வழக்கமும் பேரரசர்கள் காலத்தில் நிலைத்தது. கட்டுரையில் விட்டுப்போன ஒன்று உண்டு. அந்தத் 'திவுஸ்' நம் நொய்யல் கரைக்கு வந்து இரண்டாயிரம் ஆண்டாகிறது.

வெள்ளலூரிலும் காங்கேயம் பக்கம் காத்தாங்கண்ணியிலும் ரோம வெள்ளிக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காசுகள். என் மகள் கல்லூரியில் வரலாறு படித்தபோது அந்தக் காசுகளின் பெரிய படங்களைக் காட்டினாள். நான் கல்லில் எழுத்து வெட்டுகிறவன். அதனால் அரசன் முகத்தைவிட, விளிம்பில் சுற்றி ஓடும் எழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். 'திவி ஃபிலியுஸ்' என்பதன் சுருக்கம் அதில் இருக்கிறது என்றாள். தெய்வமானவரின் மகன் என்று அர்த்தம். அகஸ்டஸ் காசில் அந்தத் தெய்வம் ஜூலியஸ் சீசர். கி.மு. 44-இல் அவரைக் குத்திக் கொன்றார்கள், கி.மு. 42-இல் செனட் சபை கூடி அவரைத் தெய்வமென்று அறிவித்தது. திபேரியஸ் காசில் அந்த அகஸ்டஸே தெய்வமாகிவிட்டார்.

அகஸ்டஸ் கி.பி. 14-இல் இறந்தபோது, அவர் வானேறிப் போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சபையைச் சேர்ந்த ஒருவர் சத்தியம் செய்தாராம். அப்படிச் சொன்னதற்கு அரசி லிவியா அவருக்குப் பத்து லட்சம் செஸ்டர்ஸ் பணம் கொடுத்தார் என்று காசியஸ் டியோ என்ற வரலாற்று ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். சிதையின் உச்சியிலிருந்து ஒரு கழுகைப் பறக்கவிட்டு, அரசனின் உயிர் மேலே போகிறது என்று ஊருக்குக் காட்டும் சடங்கும் அங்கே இருந்தது. புதுக்கோட்டைப் பக்கம் 1898-இல் கிடைத்த ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு இருக்கிறது. புழக்கத்திலிருந்து எடுப்பதற்காக வெட்டியிருக்கலாம் என்கிறார்கள். ஒரே வீச்சு, கை நடுங்காத வெட்டு. வெட்டியவன் கண்ணுக்கு அங்கே தெய்வம் தெரியவில்லை, தங்கம்தான் தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்தில் தெய்வமானவர்கள் யார்? பட்டியில் புகுந்த புலியை ஈட்டியால் குத்தி, அந்தப் புலியின் நகத்திலேயே செத்தவன். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் புலிகுத்திக்கல் இல்லாத வட்டாரம் குறைவு. பின்னங்காலில் எழுந்து நிற்கும் புலி, அதன் வாயிலோ வயிற்றிலோ பாயும் ஈட்டி, குடுமியைப் பக்கவாட்டில் முடிந்த ஒரு ஆள். அவன் அரசனில்லை, அரசனின் மகனுமில்லை, மாடு மேய்த்தவன். ஊரோரம் தங்கி வைத்தியம் பார்த்த சன்னியாசி, தன்னாசியப்பன் ஆனார். கல்யாணம் ஆகாமல் செத்த பெண்பிள்ளை, வீட்டுக்குள் தனிப் படையல் வாங்கும் கன்னித் தெய்வம் ஆனாள். புருசனோடு நெருப்பில் இறங்கியவள் வீரமாத்தி ஆனாள். அண்ணன்மார் சாமி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னரும் சங்கரும் வென்று வந்ததால் சாமியாகவில்லை, படுகளத்தில் விழுந்துதான் சாமியானார்கள். தங்கை தேடிப் போய் அழுது எழுப்பியும் அவர்கள் நிலைத்து இருக்கவில்லை. மாசி மாதம் வீரப்பூரில் அந்தப் படுகளத்தை இன்றும் நடத்துகிறார்கள். அண்ணன்மார் கோயில்களில் கூடவே சாம்புவனுக்கும் சிலை இருக்கும். கூட நின்று போரிட்டவனை மறந்துவிட்டு அண்ணன்மாரை மட்டும் கும்பிட இந்த மண் ஒப்பவில்லை.

இவர்களை எந்தச் சபையும் ஓட்டுப் போட்டுத் தெய்வமாக்கவில்லை. 'தெய்வத்துள் வைக்கப்படும்' என்கிறார் வள்ளுவர், வைப்பது யாரென்று சொல்லவில்லை. கொங்கு நாட்டில் வைத்தவர்கள் செத்தவனின் பங்காளிகள், மாடு திரும்பக் கிடைத்த ஊர்க்காரர்கள், சில இடங்களில் அவனைக் கொன்றவர்களின் பேரப்பிள்ளைகளே. அன்பு மட்டும் அதில் இல்லை. பயம் உண்டு, செய்த பாவத்தை ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் உண்டு. வீரமாத்தி கல்லைத் தொடும்போதெல்லாம் எனக்கு இது உறைக்கும். நெருப்பில் இறங்கினாளா, இறக்கினார்களா என்று அந்தக் கல் சொல்லாது. தூக்கிய வலது கையும், உடையாத வளையலும் மட்டும் இருக்கும். அவளைத் தெய்வமாக்கியதால் செய்தது சரியாகிவிடாது. ஆனால் இப்படி ஒருத்தி இருந்தாள் என்று சொல்ல அந்தக் கல்லை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

கிரேக்கச் சொல்லுக்கும் நம் சொல்லுக்கும் இங்கேதான் வித்தியாசம் தெரிகிறது. அவர்கள் சொல், போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்கிறது. நாம் 'பட்டவன்' என்கிறோம். செங்கம் நடுகற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வெட்டியிருக்கிறது. மாட்டை மீட்டான், விழுந்தான். மேலே போனான் என்று ஒரு வார்த்தை கிடையாது. விழுந்த இடத்தையும் விழுந்த காரணத்தையும் சொன்னால் போதும், கும்பிடுகிறவனுக்கு மீதி விளங்கும் என்று அந்தக் காலத்துத் தச்சன் நினைத்திருக்கிறான்.

தெய்வமாக்கும் முறையை நம் முன்னோர் படிப்படியாக எழுதியே வைத்திருக்கிறார்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் ஆறு சொல்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொழிலுக்கு வந்தபிறகுதான், தினமும் செய்வதையே படித்திருக்கிறோம் என்று தெரிந்தது. கல்லைத் தேடிப் போய்ப் பார்ப்பது காட்சி. தட்டி ஓசை கேட்டு, இது ஆண் கல், இது பெண் கல், இது பீடத்துக்கு மட்டும் ஆகும் என்று பிரிப்போம். பூசை போட்டு எடுத்து வருவது கால்கோள். இன்றைக்கும் சிலை செய்து முடித்தால் தண்ணீரில் வைக்கிறோம், நெல்லில் வைக்கிறோம். சிவாச்சாரியார்கள் ஜலாதிவாசம், தானியாதிவாசம் என்பார்கள். நீர்ப்படை என்ற பழைய பெயர் போனாலும் தண்ணீர் போகவில்லை. பிறகு கண் திறப்பு. திரை போட்டு, பொன் ஊசியால் கருவிழியில் கோடு இழுத்து, கண்ணாடியும் கன்றோடு பசுவும் முதலில் காட்டுவோம். அதுவரைக்கும் அது என் கையில் புரண்ட கல். அதன்பிறகு நானே கும்பிட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும்.

கண்ணகிக்கு நடந்ததும் இந்த வரிசைதான். சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைகளுக்குப் பெயரே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று போகிறது, கடைசியில் வரந்தரு காதை. சேரன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, தோற்ற வடநாட்டு அரசர்கள் கனக விசயர் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தான். நம்மவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. கொங்கு நாட்டுக் கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் அந்த நங்கைக்கு விழா எடுத்தார்கள், மழை தவறாமல் பெய்தது என்று அந்த நூலின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. மதுரையில் கணவனை இழந்த ஒரு வணிகர் வீட்டுப் பெண்ணுக்கு இங்கே பொங்கல் வைத்திருக்கிறோம்.

ஆறாவதான வாழ்த்தலைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கல்லை நட்டால் மட்டும் வேலை முடியாது. இன்னான், இன்னது செய்தான் என்று ஆண்டுதோறும் சொல்ல வேண்டும். நம் பக்கம் அதை உடுக்கைப் பாட்டுக்காரர்கள் செய்தார்கள், ராத்திரி ராத்திரியாக அண்ணன்மார் கதையைப் பாடினார்கள். 'பெயரும் பீடும் எழுதி' வழிதோறும் மயிற்பீலி சூட்டிய நடுகல் என்று அகநானூறு பேசுகிறது. பெயர் முதலில், பெருமை அடுத்து. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த நடுகல்லில், கூடல் ஊர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், பட்ட தீயன் அந்தவன் என்ற பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் படித்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய கல். அந்தவன் யாருக்குப் பிறந்தான், பிள்ளைகுட்டி இருந்ததா, ஒன்றும் தெரியாது. பெயர் மட்டும் நிற்கிறது. வெட்டிய தச்சனை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

இப்போது என் பட்டறைக்கு வருகிற வேலையைச் சொல்கிறேன். ஊர்ப்பக்கம் எங்கே பார்த்தாலும் கோயில் திருப்பணி. பனியன் கம்பெனியிலும் கோழிப்பண்ணையிலும் சம்பாதித்தவர்கள் குலசாமிக்குச் செய்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோசம்தான், என் குடும்பமே அதில்தான் நடக்கிறது. ஆனால் வருகிறவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

"ஏனுங்க, பழைய கல்லுல மூக்கு முழி ஒண்ணும் தெரியறதில்லீங்க. கும்பாபிசேகத்துக்கு நாள் குறிச்சாச்சு. நல்லா மீசை வெச்சு, குதிரை மேல உக்கார்ந்தாப்புல ஒரு கருப்பராயன் செஞ்சு குடுத்துருங்க."

"பழைய கல்லுல இருக்கறது ஆருங்க?"

"அது ஆருக்குங்க தெரியும்? பெரியவங்க கும்புட்டாங்க, நாங்களும் கும்புடறோம்."

கைப்பேசியில் படம் எடுத்து வந்திருப்பார்கள். எண்ணெயும் மஞ்சளும் அப்பிய அந்தப் படத்தில் எனக்கு ஈட்டி தெரியும், புலியின் வால் சுருண்டு மேலே போவது தெரியும். அது கருப்பராயன் இல்லை. அவர்கள் ஊரிலேயே பிறந்து அவர்கள் ஊருக்காகவே செத்த ஒருவன். அவனை எடுத்துவிட்டு, எல்லா ஊரிலும் இருக்கிற ஒரு உருவத்தை வைக்கச் சொல்கிறார்கள். கருப்பராயன் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை, நானே எத்தனையோ செய்து கொடுத்திருக்கிறேன். அவருக்குத் தனியாக ஒரு இடம் கொடுக்கலாமே. இன்னொருவன் நின்ற இடத்தை ஏன் பறிக்க வேண்டும்?

எடுத்த பழைய கல் எங்கே போகிறது? சாஸ்திரப்படி பின்னமான சிலையை நீர்நிலையில் விடுவார்கள். அதையாவது மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம். நான் போன ஒரு ஊரில் புலிகுத்திக்கல் ஒன்று ஆழ்குழாய்க் கிணற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் துணி துவைத்துக் கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். புரட்டிக் காட்டியபோது துவைத்துக் கொண்டிருந்த அம்மாவே பதறிப் போனார். "சாமி கல்லுங்களா இது? ஒருத்தருஞ் சொல்லலியே" என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கும்பிட்டார். அந்த அம்மா மேல் தவறில்லை. சொல்ல ஆளில்லாமல் போனதுதான் தவறு.

தாராபுரம் பக்கமிருந்து ஒரு குடும்பத்தார் வீரமாத்தி கல்லை மாற்ற வந்தார்கள். பழைய கல்லில் ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இவர்கள் கேட்டது நான்கு கையும் சூலமும் உடுக்கையும் கொண்ட மாரியம்மன். "இது உங்கள் பாட்டிமாரில் ஒருத்தி, மாரியம்மன் இல்லை" என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை, காசு கொடுப்பது நாங்கள் என்றார்கள். கூட வந்திருந்த வயசான ஆத்தா அதுவரை வாயைத் திறக்கவில்லை. போகும்போது என்னிடம், "அவ பேரு எனக்குத் தெரியுங்க சாமி, எங்க மாமியா சொல்லீருக்கறாங்க" என்று ஒரு பெயரைச் சொன்னார். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பேரன்மாருக்கு அந்தப் பெயரே தெரியாது. அதற்குப்பின் மாரியம்மன் பேச்சு வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற மாதிரியே செய்தேன், பீடத்தில் அந்தப் பெயரை வெட்டினேன். பழைய கல்லைப் புதியதற்குப் பின்னாலேயே நிறுத்தி, அதற்கும் ஒரு விளக்கு வைக்க ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத அவர்களிடம் அனுமதி கேட்கவில்லை, அதனால் விடுகிறேன். அந்த ஆத்தா அன்றைக்கு வண்டியில் ஏறாமல் வீட்டிலேயே இருந்திருந்தால் ஒரு பெண் இரண்டாவது தடவையும் இல்லாமல் போயிருப்பாள்.

சோழர்கள் இறந்த தங்கள் அரசர்களின் நினைவாகப் பள்ளிப்படைக் கோயில் கட்டினார்கள். அவற்றைக் காப்பாற்றக் கல்வெட்டு இருக்கிறது, ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நாடாளுமன்றக் கூரையில் வாஷிங்டன் தெய்வமாகி மேகத்தில் அமர்ந்திருப்பதை 1865-இல் புருமிடி என்ற ஓவியர் வரைந்து முடித்தார். அதைத் துடைத்துப் பராமரிக்க அரசே இருக்கிறது. நம் மாடு மேய்த்தவனுக்கு ஊர் ஒன்றுதான். ஊர் மறந்தால் அவனுக்கு வேறு நாதி இல்லை.

திருப்பணிக் குழுவில் இருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயம் செய்வதற்கு முன்னால் பழைய கல்லின் மேலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் பதமாக எடுத்துவிட்டு, பகலிலும், ராத்திரியில் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தும் படம் எடுங்கள். தேய்ந்த கோடு விளக்கு வெளிச்சத்தில்தான் எழும். சீமைக்காரையோ பெயிண்டோ பூச வேண்டாம். மின்ரம்பத்தால் தேய்க்கவே வேண்டாம், எழுத்து இருந்தால் போய்விடும். எழுத்து மாதிரி ஏதாவது தெரிந்தால் தொல்லியல் துறைக்கோ பக்கத்துக் கல்லூரி வரலாற்று ஆசிரியருக்கோ சொல்லுங்கள். ஊரில் இருக்கிற ஆத்தாக்களையும் அம்மிச்சிகளையும் உட்கார வைத்துக் கேளுங்கள். ஆண்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரிகிறது. பொங்கல் படைக்கும்போது பெயர் சொல்லி அழைத்தது அவர்கள்தான். உடுக்கைப் பாட்டுக்காரர் உயிரோடு இருந்தால், கச்சேரி வைக்கிற செலவில் பாதியை அவருக்குக் கொடுத்துப் பாட வைத்துப் பதிவு செய்யுங்கள். புதுச் சிலை வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள். பழையவன் நின்ற இடத்தில் நிற்கட்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பதிப்புகளிலாவது வாரம் ஒரு நடுகல்லின் படத்தையும், அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதையையும் போட ஒரு சிறு இடம் ஒதுக்குங்கள். கதை இரண்டு விதமாக வந்தால் இரண்டையும் போடுங்கள்.

என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஊராக இருந்தாலும், எந்தச் சாதியாரின் கோயிலாக இருந்தாலும், பட்டவன் பெயரும் பட்ட காரணமும் தெரிந்து எழுதிக் கொண்டுவந்தால், பீடத்துக்குப் பலகைக் கல்லில் எழுத்து வெட்டித் தருகிறேன். கூலி வேண்டாம், கல்லுக்கும் ஏற்றுகூலிக்கும் மட்டும் கொடுத்தால் போதும். பெயரை ஊரில் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே எழுதி வாருங்கள். புலவரிடம் கொடுத்துத் திருத்த வேண்டாம்.

இப்படிக்கு,
கல்தச்சர் ஒருவர்,
திருமுருகன்பூண்டி, திருப்பூர் மாவட்டம்.